நம்பர எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்

போன வருஷம் ஒரு குழுவோட பாஸ்புக்க வாங்கி கணக்கு சரி பாத்துட்டு இருந்தேன், உள்ள இருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்துச்சு. நாலா மடிச்சது, மடிப்பு ஓரமெல்லாம் நைஞ்சு போயி, ஒரு மூலைல எண்ணெய் பிசுக்கு. பிரிச்சா என் கையெழுத்து. பொம்பளைங்க உதவிக்கு கூப்புடற நம்பர், 181ன்னு பெருசா எழுதி கீழ "எப்ப வேணா கூப்புடலாம், காசு புடிக்காது"ன்னு எழுதி ரெண்டு கோடு வேற இழுத்துருக்கேன். அதுக்கும் எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு எங்கிட்ட அழுதப்போ நான் குடுத்த சீட்டு அது. குடுத்துட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நிம்மதியா தூங்குனேன், அது நல்லா ஞாபகம் இருக்கு.

அவகிட்டயே கேட்டேன், கூப்ட்டியாம்மா நீ. இல்லக்கான்னா. ஏன்னு கேக்க எனக்கு வாய் வரல, அவளே சொன்னா. "போனு ராத்திரியான அவர்கிட்ட இருக்கும்க்கா, பகல்ல மாமியா பக்கத்துல. ஒரு நா பாத்ரூம்ல வச்சு மூணு நம்பரையும் அமுக்கிட்டேன். எடுத்தா மொத வார்த்த என்ன சொல்றதுன்னு தெரியல. ஆம்பள எடுத்துட்டான்னா? கட் பண்ணிட்டேன்." அப்புறம் அந்த சீட்ட தூக்கிப் போடவும் மனசு வரல, வீட்ல வேற எங்கயும் வைக்க முடியாது, குழு பாஸ்புக்க மட்டும்தான் வீட்ல யாரும் தொடமாட்டாங்கன்னு அதுக்குள்ள வச்சுருக்கா.

மொத வார்த்த என்ன சொல்றது. இத நான் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல.

நான் யாருன்னு சொல்லிடறேன். கவுன்சிலர் இல்ல, வக்கீல் இல்ல, சமூக சேவகின்னு யாராச்சும் சொன்னா எனக்கே கூச்சமா இருக்கும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு கணக்கு எழுதறவ, அவ்ளோதான். சந்தா, கடன் தவணை, வட்டி, தீர்மான நோட்டு. மாசத்துக்கு 20 ஊருக்கு மேல போவேன். கணக்கு நோட்ட விரிச்சு வச்சுட்டு உக்காந்தா பொம்பளைங்க ஏன்னே தெரியாம எதையாவது சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, ஒருவேள நான் தலைய குனிஞ்சு எழுதிட்டே இருக்கறதாலயோ என்னமோ. அப்படி காதுல விழுந்த விஷயங்கள்ல சிலது பாலியல் வன்முறை. யாருக்கு எங்க என்ன நடந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன், ஊரு வயசு எல்லாம் மாத்தித்தான் எழுதறேன். அடையாளம் தெரியற மாதிரி எழுதறது சட்டப்படியே குத்தம், அது ஒரு பக்கம். அவங்க கதைய அவங்க சொல்லாம நான் சொல்லி ஒரு தடவ பட்ட பாடு இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

சீட்ட பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒன்னு உறைச்சுச்சு. நம்ம ஊர்ல ரேஷன் கார்டுல ஒரு எழுத்து தப்பா இருந்தாக்கூட தாலுகா ஆபீஸ்ல தெரிஞ்சவங்க யாருன்னு பத்து பேர்ட்ட கேப்போம். புள்ளைக்கு காலேஜ் சீட்டு, மாட்டு லோனு, பெரியாஸ்பத்திரில ஸ்கேன், எதுக்கு போனாலும் "அங்க நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, சொல்லி வச்சுருக்கேன், என் பேர சொல்லு"ன்னுதான் அனுப்புவோம். தெரிஞ்ச மூஞ்சி இல்லாம ஒரு ஆபீஸ் வாசப்படி ஏற மாட்டோம். ஆனா ஒரு பொண்ணு வாழ்க்கைலயே சொல்ல கஷ்டமான விஷயத்த சொன்னா மட்டும் மூணு நம்பர எழுதிக் குடுத்து நீயே போன் பண்ணிக்கோம்மாங்கறோம். வாட்ஸப்ல அந்த போஸ்டர ஃபார்வர்டு பண்ணிட்டு கும்புடற எமோஜி போட்டா முடிஞ்சுச்சு.

நம்பர் மேல குத்தம் சொல்லல. 181 நல்ல விஷயம், 24 மணி நேரமும் எடுக்கறாங்க, அதுல கூப்ட்டு தப்பிச்சவங்கள எனக்கே தெரியும். நான் சொல்றது அந்த நம்பருக்கும் அந்த பொண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரத்த. அந்த தூரத்துக்கு யாராச்சும் கூட நடக்கணும்.

எங்கூர்ல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர்டு ஆன ஒரு அம்மா உண்டு. அவங்க யாரையும் ஆஸ்பத்திரிக்கு போன்னு சொல்ல மாட்டாங்க. "நாளைக்கு காலைல எட்டேகாலுக்கு ஓபி சீட்டு குடுக்கற ஜன்னல் பக்கத்துல வேப்பமரம் இருக்கும்ல, அங்க நில்லு, நான் வாரேன்"ம்பாங்க. வந்துருவாங்க. உள்ள இருக்கற நர்ஸ்ட்ட போயி "இது நம்ம புள்ள, செத்த பாருங்க"ன்னுட்டு அவங்க பாட்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து வெத்தல போட ஆரம்பிச்சுருவாங்க. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. அப்பல்லாம் இந்தம்மாக்கு வேற வேல இல்லன்னு நினைச்சுருக்கேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

சரி நாமளும் அப்படி செய்யணும்னா மொதல்ல நமக்கு அந்த இடம் தெரியணும்ல. எங்க மாவட்டத்து ஒன் ஸ்டாப் சென்டர் எங்க இருக்குன்னே எனக்கு தெரியாது, இத்தன வருஷமா நோட்டீஸ் மட்டும் குடுத்துட்டு இருந்துருக்கேன். சகின்னும் சொல்வாங்க, ஒருங்கிணைந்த சேவை மையம்னு போர்டு இருக்கும். டெல்லி பஸ்ல அந்த பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கப்புறம் ஒதுக்குன நிர்பயா நிதில இருந்து 2015ல ஆரம்பிச்ச திட்டம், மாவட்டத்துக்கு ஒன்னாவது இருக்கணும், வைத்தியம் போலீஸ் வக்கீல் கவுன்சிலிங் தங்கற எடம் எல்லாத்துக்கும் ஒரே வாசல்ங்கறதுதான் யோசனை. நான் ஒரு புதன்கெழம தனியா கெளம்பி போனேன். போர்டு மரத்துக்கு பின்னாடி. ரெண்டு தடவ அந்த தெருவையே சுத்திட்டு ஒரு ஜெராக்ஸ் கடைல கேட்டா அந்தாளு என்ன மேலயும் கீழயும் பாக்கறான். நானே 46 வயசு பொம்பள, எனக்கே கூசிப்போச்சு. ஒரு சின்னப் பொண்ணு அந்த ஜெராக்ஸ் கடையோடயே திரும்பி பஸ் ஏறிருப்பா.

உள்ள ஒரு கேஸ் வொர்க்கர் இருந்தாங்க. நான் யாருக்காகவும் வரல, எடத்த பாக்க வந்தேன்னதும் முதல்ல சந்தேகமா பாத்தாங்க, அப்புறம் டீ வாங்கியாரச் சொன்னாங்க. முட்டாள்தனமான கேள்வியா ஒரு இருவது கேட்டேன். வீட்டுக்கு போன் பண்ணி சொல்லிருவீங்களா, கேஸ் குடுத்தாத்தான் உதவியா, ராத்திரி தங்குனா கதவுக்கு உள்தாப்பா இருக்கா, கைப்புள்ளய கூட்டியாரலாமா, ஆதார் கேப்பீங்களா, பாத்ரூம காட்டுங்க. அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம், அதுக்கு மேல வேணும்னா வேற இல்லத்துக்கு ஏற்பாடு பண்ணுவோம்னாங்க. கேஸ் போடறதும் போடாததும் அவங்க இஷ்டம், பேசிட்டு போறதுக்கு மட்டும்கூட வரலாம்னாங்க. கெளம்பறப்போ ஒன்னு சொன்னாங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு பாடம்: "கூட்டிட்டு வாங்க, ஆனா நீங்க பேசாதீங்க."

அதுக்கப்புறம் ஒரு மில்லு பொண்ணு. எங்க பக்கம் மில்லுங்க ஜாஸ்தி, ஷிப்ட்டு முடிஞ்சு பஸ்ல தூங்கிட்டே வர்ற புள்ளைங்க. அவ எங்கிட்ட சொன்னது பாதிதான், மீதி எனக்கு வேணாம்னுட்டேன். "நானு இதுல பெரிய ஆள் இல்லம்மா, ஆனா எனக்கு ஒரு அக்காவ தெரியும், டீ குடிச்சுருக்கேன் அவங்ககூட, நல்லா பேசுவாங்க, திட்ட மாட்டாங்க, ஒன்ன ஏன் அங்க போனேன்னு கேக்க மாட்டாங்க. போன் போட்டு குடுக்கவா, ஒன் பேரு சொல்ல மாட்டேன்"ன்னேன். ரெண்டு வாரம் பதிலே இல்ல. நானும் கேக்கல. கேக்காம இருக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா, வாய் நுனி வரைக்கும் வரும். மூணாவது வாரம் தவணை கட்ட வந்தவ மெதுவா, "அந்த டீ குடிச்ச அக்கா இருக்காங்களா"ன்னா.

குழு கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அவ கண்ணு முன்னாடியே என் போன்ல இருந்து போட்டேன், ஸ்பீக்கர்ல. "மேடம், ஒருத்தங்க பக்கத்துல இருக்காங்க, பேரு அவங்களே சொல்வாங்க, இல்ல சொல்லமாட்டாங்க. பேசணும்னாங்க"ன்னு மட்டும் சொல்லி போன அவ கைல குடுத்தேன். அவ வணக்கம்னா, அப்புறம் ஒரே அழுக. அந்தப் பக்கம் அந்தம்மா அழாதன்னு சொல்லல, என்னாச்சுன்னும் கேக்கல. ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு "சாப்டியாப்பா"ன்னாங்க. அவ "இல்ல, ஷிப்ட்டு"ன்னா. அப்ப நான் வெளிய போயி திண்ணைல உக்காந்துட்டேன். ஸ்பீக்கர அவளே ஆஃப் பண்ணிட்டா.

மொத வார்த்தய நான் சொல்லிட்டேன்ல, ரெண்டாவது வார்த்தல இருந்து அவளால முடிஞ்சுச்சு. ஒரு ஆள அறிமுகம் பண்ணி வைக்கறதுல இருக்கற மொத்த விஷயமும் அவ்ளோதான்னு எனக்கு தோணுது, ஆனா அந்த மொத வார்த்தைய ரெண்டு நிமிஷத்துல சொல்றதுக்கு முன்னாடி ஒரு புதன்கெழம, ஒரு டீ, மூணு வாரம் வாய மூடிட்டு இருந்தது எல்லாம் தேவப்பட்டுச்சு.

நேர்ல போன நாள் பஸ்ல அந்த விஷயமே பேசல. நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல மல்லி விலை, அவ தம்பி பாலிடெக்னிக், டிரைவர் போட்ட பாட்டு. வாசல்ல நிறுத்தி "இவங்கதான் நான் சொன்ன அக்கா, இது நான் சொன்ன தங்கச்சி, நான் வெளிய வேப்பமரத்தடில இருக்கேன், நீ சொன்னா உள்ள வருவேன், இல்லன்னா மாட்டேன்"ன்னேன். வேப்பமரமெல்லாம் அங்க இல்ல, வாய்க்கு வந்துருச்சு. புங்கமரம்தான். ஒன்றரை மணி நேரம் உக்காந்துருந்தேன்.

எல்லாமே இப்படி நல்லபடியா போச்சுன்னு நினைக்காதீங்க. வேற ஒரு தடவ ஒருத்தங்கள ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருந்தேன், பேரு வேண்டாம். அங்க எனக்கு யாரையும் தெரியாது, அவசரம், தெரிஞ்சவங்கள தேடிட்டு இருக்க நேரம் இல்ல. வராண்டா பூரா சனம். கவுண்ட்டர்ல இருந்து ஒரு குரல், "அந்த ரேப் கேசு யாரும்மா, முன்னாடி வா"ங்குது. என் கைய புடிச்சுருந்த கை அப்படியே சில்லுன்னு ஆயிருச்சு. அன்னைக்கு அந்தம்மா திரும்பி வீட்டுக்கு போயிருந்தா நான் யாரையும் குத்தம் சொல்லிருக்க முடியாது. போகல. உள்ள இருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வந்து எதுவும் பேசாம எங்க ரெண்டு பேரையும் பக்கத்து ரூமுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. அடுத்த வாரம் பழம் வாங்கிட்டு போயி அந்த நர்ஸ தேடிப் பாத்து என் பேர சொல்லி நம்பர் வாங்கிட்டு வந்தேன். இப்ப அந்த ஆஸ்பத்திரின்னா எனக்கு அந்த நர்ஸ்தான்.

ஆஸ்பத்திரி விஷயத்துல அவசரத்த பத்தி சொல்லியே ஆகணும். எச்ஐவி தொத்தாம தடுக்கற மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், கரு தங்காம இருக்க மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனால நடந்து ஒன்னு ரெண்டு நாள்தான் ஆச்சுன்னா மூணு வாரம் காத்திருக்கற கதையெல்லாம் கெடையாது, அன்னைக்கே கெளம்பணும். அரசு தனியார் எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் காசு வாங்காம உடனே வைத்தியம் பாக்கணும்னு சட்டம், பாக்க மாட்டேன்னா தண்டனை உண்டு. ஆஸ்பத்திரிக்காரங்க போலீசுக்கு தகவல் சொல்வாங்க, இத முன்னாடியே அவங்கட்ட சொல்லிடணும், அங்க போயி காக்கி சட்டைய பாத்து திடுக்குனு ஆகக்கூடாது. ஆனா பெரியவங்களா இருந்து எனக்கு கேஸ் வேண்டாம்னா அத எழுதி வாங்கிட்டு வைத்தியத்த பாக்கணும்னு 2014லயே சுகாதார அமைச்சகம் நெறிமுறை போட்ருக்கு. இன்னொன்னு, பொண்ணோட அந்தரங்க உறுப்புல விரல விட்டு பாக்கற ரெண்டு விரல் பரிசோதனைன்னு ஒரு அசிங்கம் இருந்துச்சுல்ல, 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் இனி அத எவர் செஞ்சாலும் ஒழுங்கீனம்னு சொல்லிருச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி "என்ன பண்ணப் போறீங்கன்னு கேளு, வேணாம்னா வேணாம்னு சொல்லு, அதுக்கு ஒனக்கு உரிமை இருக்கு"ன்னு காதுல போட்டு அனுப்பணும். இதையெல்லாம் சீட்டுல எழுதிக் குடுக்க முடியுமா சொல்லுங்க.

மும்பைல பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரிக்குள்ளயே திலாசான்னு ஒரு மையம் இருவது வருஷத்துக்கு மேலா நடக்குதுன்னு ஒரு பயிற்சில சொன்னாங்க, மாநகராட்சியும் சேஹத்ங்கற அமைப்பும் சேந்து ஆரம்பிச்சது. காயத்தோட வர்ற பொம்பளய பாத்து ஆஸ்பத்திரி ஆளுங்களே புரிஞ்சுகிட்டு அதே கட்டடத்துல இருக்கற கவுன்சிலர்ட்ட அனுப்பற மாதிரி. வேற ஆபீஸ், வேற பஸ்ஸு, வேற வாட்ச்மேன் இல்ல. அதக் கேட்டப்போ எனக்கு அந்த ஜெராக்ஸ் கடைதான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப நான் பட்ட பாட்ட சொல்லிடறேன். ஒருத்தங்களுக்கு சட்ட உதவி தேவப்பட்டுச்சு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100ன்னு நம்பரும் உண்டு. எனக்கு அங்க ஒரு சட்டத் தன்னார்வலர தெரியும். இவங்க மறுபடி மறுபடி அதையே சொல்ல வேண்டாமேங்கற நல்லெண்ணத்துல நான் முன்னாடியே போன் போட்டு எல்லாத்தையும், நாள் நேரம் உட்பட எல்லாத்தையும், சொல்லிட்டேன். நேர்ல போயி உக்காந்ததும் அவரு "ஆமா எல்லாம் கேள்விப்பட்டேன்மா, ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னாரு. அவங்க திரும்பி என்ன பாத்த பார்வை இருக்கே. வெளிய வந்து ரொம்ப நேரம் கழிச்சு சொன்னாங்க, "எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒன்னுதான்க்கா, யார்ட்ட சொல்லணும் யார்ட்ட சொல்லக்கூடாதுங்கறது. அதையும் நீங்க எடுத்துட்டீங்க." அதோட எங்கூட பேசறத நிறுத்திட்டாங்க. கேஸ் போட்டாங்களா இல்லையான்னு எனக்கு தெரியாது, தெரிஞ்சுக்கற உரிமையும் இல்ல.

அதுல இருந்து யாருக்கு மெசேஜ் அனுப்பறதா இருந்தாலும் அவங்க முன்னாடி டைப் பண்ணி அவங்க படிச்சப்புறம்தான் அனுப்பறது. என்ன பேர் சொல்லி கூப்புடணும், என்ன உதவி கேக்கறாங்க, எத கேக்கக்கூடாது, எந்த நேரம் எந்த நம்பர்ல பேசலாம், அவ்ளோதான் இருக்கும். படிக்கத் தெரியாதவங்கன்னா வாசிச்சு காட்டுவேன். அனுப்புனதும் அவங்க போன்ல இருந்தா அழிச்சுடறது, ஏன்னா வீட்ல போன எடுத்து பாக்கற ஆள் இருக்காங்க.

பேர் வெளிய வந்துருமோங்கற பயம் சும்மா வர்றதில்ல. பொள்ளாச்சி பாலியல் கொடுமை விஷயம் 2019ல வெடிச்சப்போ புகார் குடுத்த பொண்ணோட பேர போலீஸ் உயரதிகாரியே பத்திரிக்கக்காரங்கட்ட சொல்லிட்டாரு, அரசாணைலயும் பேரு அச்சாகி வந்துச்சு, ஹைகோர்ட் மதுரை கிளை அந்த பொண்ணுக்கு 25 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு 2024 டிசம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டில ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை, அதுல எஃப்ஐஆரே நெட்டுல சுத்துச்சு, மறுபடியும் ஹைகோர்ட், மறுபடியும் 25 லட்சம். பொள்ளாச்சி கேஸ்ல 2025 மே மாசம் 9 பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள்னு தீர்ப்பு வந்தப்போ குழுல இனிப்பு குடுத்தாங்க, நானும் சாப்ட்டேன். ஆனா மூலைல இருந்து ஒருத்தங்க கேட்டது "அந்தப் புள்ள பேரு வெளிய வந்துச்சே, அத யாரு திரும்ப எடுக்கறது"ன்னு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

அதனாலதான் தெரிஞ்சவங்கங்கற வார்த்தைலயே ஒரு ஆபத்தும் இருக்குன்னு சொல்றேன். சின்ன ஊர்ல எனக்கு தெரிஞ்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. ஸ்டேஷன்ல இருக்கற ஏட்டு செஞ்சவனோட பங்காளியா இருப்பாரு. நான் யாரோட டீ குடிக்க முடியும், யார் வீட்டு திண்ணைல உக்காற முடியும்ங்கறதுல எம் சாதியும் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். காலனிப் பொண்ணு ஒருத்தி என் வழியா போனா என் ஆளுங்கட்டதான் போய்ச் சேருவா, அது அவளுக்கு நல்லதான்னு நான் கேட்டுக்கணும். அப்படி வந்தப்போ நான் வேற ஒரு அக்காவ, அவங்க பகுதில இருந்தே வேல பாக்கறவங்கள, அறிமுகம் பண்ணி விட்டுட்டு ஒதுங்கிட்டேன். வன்கொடுமை சட்டத்துல தனியா நிவாரணம் இருக்குங்கறதே அவங்க சொல்லித்தான் எனக்கு தெரியும். ஊருக்குள்ள சரியான ஆள் இல்லன்னா வெளியூர் ஆள். புகார எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எல்லை தாண்டுனதுன்னு திருப்பி அனுப்பக்கூடாது.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திய நினைச்சுப் பாருங்க. 1992 ஜூன் 20, 18 பொண்ணுங்கள பலாத்காரம் பண்ணாங்க. செஞ்சது வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை ஆளுங்க. அப்ப அந்த மலைக்கிராமத்துப் பொம்பளைங்க எந்த கதவ தட்டுவாங்க, தட்ட வேண்டிய கதவுக்கு பின்னாடி இருந்தவங்கதான செஞ்சதே. வெளிய இருந்து மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரங்க ஊருக்கு ஏறிப் போயி, உக்காந்து, கேட்டு, கோர்ட்டு வரைக்கும் கூடவே போனாங்க. 2011ல தீர்ப்பு, 2023 செப்டம்பர்ல ஹைகோர்ட் அத உறுதி பண்ணி ஆளுக்கு 10 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. 31 வருஷம் ஒருத்தர மாத்தி ஒருத்தர் கூட நடந்துருக்காங்க. நான் ஒரு புங்கமரத்தடில ஒன்றரை மணி நேரம் உக்காந்தத பெருசா எழுதிட்டு இருக்கேன்.

கூட வேல பாக்கறவங்க மூலமா போறதுக்கு எங்க பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 2021 ஜனவரில ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி பொண்ண சூப்பர்வைசரே கொன்னதுக்கப்புறம், பொண்ணுங்க நடத்தற தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் போராடி 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒன்னு கொண்டாந்தாங்க. அதுல லைன்ல தைக்கற பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து, பக்கத்து மிஷின்ல இருக்கறவளுக்கு ஏதாவது நடந்தா அவ சொல்றதுக்கு இவ, இவ எடுத்துட்டு போறதுக்கு சங்கம்னு ஒரு வரிசை. புகார் பெட்டிய விட பக்கத்து மிஷின் பொண்ணு மேலதான நம்பிக்க வரும். பெட்டி சாவி யார்ட்டன்னு எல்லாருக்கும் தெரியும்.

சின்னப் புள்ளைங்க விஷயம் வேற. இத நான் லேட்டா கத்துகிட்டேன். 18 வயசுக்கு கீழன்னா போக்சோ சட்டம், விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும், சொல்லலன்னா நமக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு. அதனால ஒரு பொண்ணு "அக்கா யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சா பண்ணக்கூடாது. வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே "ஒனக்கு யாராச்சும் கெட்டது பண்ணிருந்தா அத நான் ஒரு எடத்துல சொல்ற மாதிரி இருக்கும், ஆனா எங்க சொன்னாலும் ஒங்கூட நான் இருப்பேன்"ன்னு சொல்லிடணும். சில புள்ளைங்க அதோட நிறுத்திருவாங்க, நமக்கு நெஞ்சு அடைக்கும், ஆனா ஏமாத்தறதுக்கு அது மேல். குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098ல சொன்னா குழந்தைகள் நலக்குழு வரைக்கும் போகும், கேஸ் முடியற வரைக்கும் கூட இருக்க சப்போர்ட் பர்சன்னு ஒருத்தர போடணும்னு விதி இருக்கு. வாக்குமூலம் வாங்க வர்ற போலீஸ் யூனிஃபார்ம் போட்டுட்டு வரக்கூடாது, புள்ள எங்க இருக்க ஆசப்படுதோ அங்க வந்து வாங்கணும். இதெல்லாம் அந்த புள்ளைக்கு முன்கூட்டியே தெரிஞ்சா பாதி பயம் போயிரும்.

கல்யாணமானவங்க கதைதான் எனக்கு இன்னும் தொண்டைல நிக்குது, ஏன்னா நான் அதிகமா கேக்கறது அதுதான். புருஷன் செஞ்சா நம்ம குற்றச் சட்டத்துல அது பலாத்காரக் கணக்குலயே வராது, பொண்ணுக்கு 18 வயசு ஆயிருந்தா. இத அவங்கட்ட சொல்றப்போ என்ன மொகம் வச்சுக்கறதுன்னே தெரியாது. ஆனா 2005 குடும்ப வன்முறை சட்டத்துல பாலியல் கொடுமையும் சேத்திதான், பாதுகாப்பு அலுவலர் வழியா கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அந்த சீட்டு பொண்ணுக்கு நான் 181க்கு பதிலா இத சொல்லிருக்கணும். அதவிட, அந்த அலுவலர்ட்ட நான் முன்னாடியே போயிருக்கணும்.

பணத்தப் பத்தியும் ஒரு வரி. பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்குன்னு 2018ல தேசிய அளவுல இழப்பீட்டு திட்டம் வந்துச்சு, பலாத்காரத்துக்கு 4ல இருந்து 7 லட்சம் வரைக்கும், கேஸ் முடியறதுக்கு முன்னாடியே இடைக்காலமா ஒரு பகுதி கேக்கலாம். எங்க குழுக்களோட கூட்டமைப்புல ஒருத்தருக்கும் இது தெரியாது. வட்டிக்கணக்கு மட்டும் பைசா சுத்தமா தெரியும்.

எல்லாம் சொல்லிட்டு இதையும் சொல்லணும். போன தீவாளிக்கு அப்புறம் அந்த டீ குடிச்ச கேஸ் வொர்க்கர் வேலைல இல்ல. ஒப்பந்தப் பணி, சம்பளம் கம்மி, வேற வேல கெடச்சு போயிட்டாங்க. அந்த வாரமே ஒருத்தங்கள கூட்டிட்டு போறதா இருந்தேன். போன் அடிச்சா "நான் இப்ப அங்க இல்லங்க"ன்னு வருத்தமா சொல்றாங்க. ஒரே ஒரு ஆள நம்பி நான் கட்டி வச்சுருந்தது அப்படியே சரிஞ்சுருச்சு. கூட்டிட்டு போறதா இருந்தவங்க "பரவால்லக்கா இன்னொரு நா பாத்துக்கலாம்"னாங்க, அந்த இன்னொரு நாள் வரவேயில்ல. அதுல இருந்து எங்க போனாலும் ரெண்டு பேர்ட்ட பழகி வைக்கறேன், அங்க கூட்டிப் பெருக்கற அம்மாவையும் சேத்து. சொல்லப்போனா ஆளுங்க மாறுனாலும் அந்தம்மா மாறல, வர்றவங்கள மொதல்ல பாத்து தண்ணி குடுக்கறதும் அவங்கதான்.

புதுசா ஒருத்தங்க கேஸ் வொர்க்கரா வந்துருக்காங்களாம், சின்ன வயசு, ராமநாதபுரம் பக்கம்ங்கறாங்க. வியாழக்கெழம பத்து நாப்பது பஸ்ல போறேன், யாருக்காகவும் இல்ல, சும்மா பாக்கத்தான், மறுபடியும் அந்த இருவது கேள்வியையும் கேக்கணும். நேத்து குழுல கணக்கு முடிச்சு கெளம்பறப்போ அந்த பாஸ்புக்கு பொண்ணு பின்னாடியே தெருமுக்கு வரைக்கும் வந்தா. "எத்தன மணிக்கு பஸ்ஸு"ன்னா. சொன்னேன். "மாமியாட்ட குழு மீட்டிங்குன்னு சொல்லிக்கறேன். எனக்கில்லக்கா, சும்மா ஒங்களுக்கு தொணைக்கு"ன்னா.

சரிம்மா, எனக்கும் தொணை வேணும்தான்னேன்.